தோல் ஓ.பி. கவுன்டரில் என் மூஞ்சி

கவிதா கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில், மருந்து கொடுக்கும் கவுன்டரில் எனக்குப் பிறகு உட்கார்ந்திருப்பவள் அவள். போன மாதம் போன் செய்தாள்.

"மேடம், இப்பல்லாம் பொண்ணுங்க சீட்டோட வர்றதில்ல, போனோட வர்றாங்க. சீரம் இருக்கா, டோனர் இருக்கானு பதினாலு ஐட்டம் காட்டுறாங்க. பாதிப் பேரு எனக்கே தெரியல. நீங்க இத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்சீங்கனு எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்குக் காட்டலாம்."

சமாளித்த கதை என்றால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். சமாளிக்காத கதைதான் என்னிடம் நிறைய இருக்கிறது. முகத்தைப் பற்றி ஊருக்குச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், முகம் என்று ஒன்று எனக்கும் இருக்கிறது என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

பதினைந்து வயதில் முகப்பரு வந்தது. மற்ற பெண்களுக்கு நாலைந்து வந்துவிட்டுப் போகும். என் முகத்தில் குடும்பத்தோடு குடிவந்தது. சந்தனம், பயத்தமாவு, எலுமிச்சம்பழச் சாறு, ஒருமுறை பற்பசை என்று எல்லாவற்றையும் தடவினேன். எரிந்தால் வேலை செய்கிறது என்று நம்பினேன். எரியாததைத் தூக்கிப் போட்டேன். வேலூரில் இரண்டு வருடம் பார்மசி டிப்ளமோ படித்தபோது, பளிங்குப் பலகையில் களிம்பு குழைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் குழைத்த களிம்பில் கொஞ்சம் காகிதத்தில் மடித்து விடுதிக்கு எடுத்துப்போய் முகத்தில் பூசிக்கொண்டேன். அது படர்தாமரைக்கான களிம்பு. மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை.

பிறகு இரண்டு மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்கள். அதன் பிறகு திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்கு மாற்றல், தோல் பிரிவில். உத்தரவு எழுதிய குமாஸ்தா என் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிரிவின் பெயரை எழுதினார் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் இரு கன்னத்திலும் மங்கு விழுந்தது. அப்போது ஒரு மருந்துக் கம்பெனி ஆள் சாம்பிளாக ஒரு ட்யூப் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த களிம்பு, அதில் ஒன்று ஸ்டீராய்டு. பத்தே நாளில் மங்கு மறைந்தது. பரு அடங்கியது. நான் சிவப்பானேன். வாழ்க்கையில் முதல்முறையாக மாமியார் வீட்டுக் கல்யாணத்தில் குழு போட்டோவில் முன்வரிசையில் நின்றேன்.

சில வாரங்களுக்கு மேல் அதைப் போடக்கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதைக் கவுன்டரில் தினமும் பத்துப் பேருக்குச் சொல்வதே என் வேலை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தடவிக்கொண்டேன். நான்கு வருடம். முகம் பாலிஷ் போட்ட தரை மாதிரி பளபளத்தது. அடுப்புப் பக்கம் போனால் தக்காளியாகச் சிவக்கும். அதைக் களை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் டாக்டர் நசீமா வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரல் உயராது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். வந்த அன்றே தன் மேசையை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னார். ட்யூப் லைட்டை அணைத்தார். "இந்த லைட்ல எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரிதான் தெரியும்" என்றார்.

அவருடைய முறையைக் கவிதா குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளி உட்கார்ந்ததும் என்ன தொந்தரவு என்று கேட்கமாட்டார். ஒரு எவர்சில்வர் தட்டை நகர்த்தி, "மூஞ்சிக்குப் போடறதெல்லாம் இதுல கொட்டுங்க" என்பார். கொண்டுவரவில்லை என்றால், அடுத்த தடவை பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி அனுப்புவார். சோப்பு, பவுடர், க்ரீம், எண்ணெய், பக்கத்து வீட்டுக்காரி சொப்பில் கொடுத்த ஏதோ ஒரு பூச்சு, எல்லாம் தட்டில் விழும். ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை உரக்கப் படிப்பார். அதற்குள்ளேயே பாதி நோயாளிகளுக்குத் தங்கள் வியாதி என்னவென்று புரிந்துவிடும்.

சீட்டில் மூன்றுக்கு மேல் எழுதமாட்டார். கழுவ ஒன்று, ஈரப்பசைக்கு ஒன்று, தேவைப்பட்டால் மருந்து ஒன்று. "நாலாவது எழுதினா, மேல இருக்கற மூணுல ஒண்ணு வேலை செய்யலனு அர்த்தம்" என்பார். வெயிலுக்குப் பூசும் க்ரீம் வாங்க வசதி இல்லை என்பவர்களிடம், "குடை வாங்குங்க, குடையால அலர்ஜி வராது" என்பார். புதிதாக எதைப் பூசுவதானாலும் முதலில் காதுக்குப் பின்னால், ஐந்து நாள். எந்த ட்யூபைத் திறந்தாலும் திறந்த தேதியை அதன் வாலில் பேனாவால் எழுதவேண்டும். அந்தக் கடைசி வேலை என்னுடையது. எழுதி எழுதி அது எனக்குப் பழக்கமாகிவிட்டது; வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவில்கூட எழுதிவைத்தேன்.

அவர் வந்த மூன்றாம் நாள், கூட்டம் கலைந்த பிறகு, "விஜயாம்மா, இப்படி வந்து உக்காருங்க" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் என் தாடையை ஒரு விரலால் திருப்பினார்.

"எத்தனை வருஷமாப் போடறீங்க?"

"எதை மேடம்?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பிப்பதற்குள், "நாலு" என்று சொல்லிவிட்டேன்.

"தோல் காகிதமா ஆயிடுச்சு. நரம்பு தெரியுது பாருங்க. நிறுத்தினா முதல்ல ஜாஸ்தியாகும். ரெண்டு மூணு மாசம் பொறுத்துக்கணும். முடியுமா?"

முடியும் என்றேன். பொய். ஒரே வாரத்தில் முகம் வெந்த பீட்ரூட் ஆனது. கன்னம் முழுக்கச் சீழ்ப் பொட்டுகள். தண்ணீர் பட்டாலே எரிந்தது. நான்கு வருடம் என் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத வீட்டுக்காரர், "இன்னா, வெயில்ல நின்னியா?" என்று கேட்டார். விடுப்புக் கேட்டேன். "தோல் பிரிவுல இருந்துகிட்டு தோலுக்காக லீவா?" என்றார் டாக்டர்.

அந்த முகத்தோடு கவுன்டரில் உட்கார்ந்தேன். செங்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "ஏம்மா, உனக்கே இப்படி இருக்குது. எனக்குக் குடுத்தது நல்ல மருந்துதானா?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்தால் எரியும் என்பது மறந்துபோயிற்று.

டாக்டர் என்னை விடவில்லை. ஸ்டீராய்டுக் களிம்பை நிறுத்தப் பயப்படும் பெண்களிடம், "வெளிய கவுன்டர்ல ஒரு அம்மா இருக்காங்க, போய் அவங்க மூஞ்சியப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்புவார். சுவரில் ஒட்டும் விளம்பரத்தாள் மாதிரி நான் உட்கார்ந்திருப்பேன். வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். மூன்றாவது மாதம் சிவப்பு குறைந்தது. ஐந்தாவது மாதம் பழைய முகம் வந்தது, மங்கும் பருத் தழும்புமாக. திரும்பி வந்ததில் அதிக மகிழ்ச்சி மங்குக்குத்தான் இருந்திருக்கும்.

இதுவரை சொன்னது எல்லோரும் சிரிக்கிற கதை. கல்யாண வீடுகளில் நானே சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். தேன்மொழியின் கதையை அப்படிச் சொன்னதில்லை.

அடி அண்ணாமலை கிராமத்துப் பெண் தேன்மொழி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு கடையில் மனு டைப் அடிப்பாள். அம்மா சரோஜா கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருந்தாள். அப்பா இல்லை. தேன்மொழி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு அம்மாவோடு வந்தாள். தட்டில் விழுந்தது ஒரே ஒரு ஸ்டீராய்டு க்ரீம்தான். ஏதோ ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி, மூன்று வருடமாகப் பூசிக்கொண்டிருந்தாள். மானிட்டர் முன்னால் உட்கார்ந்தாலே முகம் எரிகிறது என்றாள். கன்னத்தில் பூனைமுடி வளர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

டாக்டர் நிலைமையைச் சொன்னார். சரோஜா எழுந்தே விட்டாள். "கல்யாணம் வரைக்கும் போட்டுக்கட்டுமேம்மா. அப்புறம் நிறுத்திக்கிறோம்."

"இப்பவே எரியுது. மண்டபத்து லைட்டுல, ஓமப் புகையில இன்னும் எரியும். பொண்ணு என்ன சொல்றீங்க?"

தேன்மொழி வெளியே வந்தாள். கவுன்டருக்கு முன் நின்று என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எரிஞ்சுதாக்கா?"

"எரிஞ்சுது. போயிடுச்சு."

"எவ்ளோ நாளு?"

"அஞ்சு மாசம்."

உள்ளே போய், நிறுத்திக்கொள்வதாகச் சொன்னாள். முகம் கழுவ சோப்பு இல்லாத சாதாரண திரவம், வாசனை இல்லாத ஒரு வெள்ளை க்ரீம், கொஞ்ச நாளைக்கு மாத்திரை. இவ்வளவுதான் சீட்டில் இருந்தது.

இரண்டாவது வாரம் சரோஜா மட்டும் வந்தாள். கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு எடம் வந்து கறுப்புனு சொல்லிட்டுப் போனாங்கம்மா. இவங்கதான் பொண்ணு செவப்பா இருக்குதுனு ஒத்துக்கிட்டாங்க. இப்ப மூஞ்சி பூரா கொப்புளம். மாப்ளயோட அக்கா வர்ற வாரம் புடவை எடுக்க வருது. இன்னா பதில் சொல்லுவேன்? ஒரே ஒரு ட்யூப் குடும்மா. கம்மியாத்தான் போடுவேன்."

தரமாட்டேன் என்றேன். ஆஸ்பத்திரி இருப்பிலிருந்து சீட்டு இல்லாமல் எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது, விதி இருக்கிறது என்றேன். விதியை அவ்வளவு மதித்த நான் அடுத்து செய்ததைக் கேளுங்கள். என் கைப்பையின் உள்ஜிப்பில் என்னுடைய பழைய களிம்பு, பாதி ட்யூப், இருந்தது. ஐந்து மாதம் பட்டபாட்டுக்குப் பிறகும் அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வந்திருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அந்த எதற்கும் என்பது இதற்குத்தான் என்று தோன்றியது. சரோஜா அழுதாள். எனக்கும் அந்த முன்வரிசைப் போட்டோ நினைவில் இருந்தது. ஜிப்பைத் திறந்தேன்.

அடுத்த முறை தேன்மொழி வந்தபோது முகம் நன்றாகத் தேறியிருந்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டு, "சீக்கிரம் அடங்கிடுச்சே" என்றார். நான் மருந்து எண்ணுவதில் மும்முரமாக இருந்தேன். நல்லது செய்தோம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சரோஜா மகளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். கண் இமை வீங்கியிருந்தது. கன்னம் இரண்டும் உரித்தது போல இருந்தன. "நீங்க சொன்னதத் தவிர எதுவும் போடலீங்க மேடம்" என்று அழுதாள் தேன்மொழி. உண்மையைத்தான் சொன்னாள். மகளுக்குத் தெரியாமல் அந்தக் களிம்பை வெள்ளை க்ரீமில் கலந்துவைத்தவள் சரோஜா. ட்யூப் தீர்ந்ததும் முகம் வெடித்துவிட்டது. மகளின் கண் வீங்கியதைப் பார்த்துப் பயந்துபோய், தட்டில் அந்தக் காலி ட்யூபை அவளே வைத்தாள்.

அதன் வாலில் நான் அதை நிறுத்திய தேதி எழுதியிருந்தது, என் கையெழுத்தில்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தேன்மொழிக்குக் குளிர்ந்த தண்ணீர்த் துணி வைக்கச் சொல்லிவிட்டு, என் கவுன்டருக்கு வந்தார்.

"இது யாரு எழுத்துன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான் போய்ச் சொன்னேன். வராந்தா பெஞ்சில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் சொன்னேன். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். தேன்மொழி ஈரத்துணியை முகத்திலிருந்து எடுத்தாள்.

"உங்க மூஞ்சியப் பாத்துதான்க்கா நான் நிறுத்தினேன்" என்றாள்.

திட்டியிருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க வேலை பார்த்ததில் எத்தனையோ மெமோ வாங்கியிருக்கிறேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. இந்த ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது.

பிறகு அவள் போனை எடுத்தாள். அம்மா தடுக்கத் தடுக்க மாப்பிள்ளைக்குப் பேசினாள். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வாங்க. என் மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

மாப்பிள்ளை குமரேசன் வேங்கிக்காலில் டூவீலர் மெக்கானிக். மறுநாள் அக்காவோடு வந்தான். நல்ல சிவப்பு. டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, தேன்மொழி முன்பு போட்ட க்ரீமைத் தட்டில் வைத்துக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். தேன்மொழி துப்பட்டாவை விலக்கினாள். அக்காக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சரோஜாவைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னாம்மா இது? செவப்புனு சொல்லித்தானே..."

"அக்கா, சும்மா இரு" என்றான் குமரேசன். அவன் தேன்மொழியைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த அவளுடைய பழைய க்ரீமையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துத் திருப்பிப் படித்தான்.

"மேடம், இது... ஷேவ் பண்ணிட்டுத் தடவறது இல்லீங்களா?"

"யாரு சொன்னது?"

"கடைல பசங்க சொன்னாங்க. நானும் இதான் போடறேன். பேரு மட்டும் வேற."

"எப்பேர்ந்துடா?" என்றாள் அக்கா, ஈனக்குரலில்.

"பொண்ணு பாக்கப் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னால இருந்து."

முதலில் சிரித்தது தேன்மொழிதான். சிரித்ததும் கன்னம் எரிந்து, "அம்மா" என்று பிடித்துக்கொண்டாள். மறுபடியும் சிரித்தாள். குமரேசன் காது வரை சிவந்தான். அது அந்த க்ரீமாலா, வெட்கத்தாலா என்று டாக்டராலும் சொல்லியிருக்க முடியாது. அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "நீங்களும் இப்படி வந்து உக்காருங்க தம்பி."

மாப்பிள்ளைக்கு நான்தான் ஓ.பி. சீட்டு போட்டேன். இரண்டு வீட்டாரும் வராந்தாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அக்காக்காரி எழுந்துபோய் ஐந்து டீ வாங்கிவந்தாள். ஒன்றைத் தேன்மொழியிடம் நீட்டி, "ஆத்திக் குடி, ஆவி மூஞ்சில படாம" என்றாள். கல்யாணம் நிற்கவில்லை என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

எனக்குத் தண்டனை உண்டு. அதற்குப் பின் ஒரு மாதம், திங்கள்கிழமை தோறும், "விஜயாம்மா, உங்க பையையும் கொட்டுங்க" என்பார் டாக்டர். அதே தட்டில். பஸ் சில்லறை, ஏலக்காய், பாதி தின்ற கடலைமிட்டாய், சீப்பு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். கடலைமிட்டாயின் பின்பக்கத்தைக்கூடப் படித்தார்.

கல்யாணத்துக்கு மிச்சமிருந்த பத்து நாளில் தேன்மொழியின் முகம் ஆறாது. மணமேடைக்கு ஏதாவது பூசியாக வேண்டும். அழகுநிலையத்துப் பெரிய பேக்கேஜ் வேண்டாம், வாசனை இல்லாத, குறைவான பொருட்கள் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாங்கிக்கொடுக்கும் பொறுப்பை நானாக ஏற்றுக்கொண்டேன். தேன்மொழி என்னை நம்பி வரவில்லை. குமரேசனின் அக்காவையும் கூட அழைத்துக்கொண்டுதான் வந்தாள். தேரடித் தெருவில் ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போனோம். கடைக்காரர் தேன்மொழியின் கையைப் பார்த்துவிட்டு அதைவிட இரண்டு நிறம் வெளுப்பான காம்பாக்ட் பவுடரை எடுத்துவைத்தார்.

"இவ கலர்லயே குடுங்க" என்றேன்.

"அது ஓடாதுங்க. யாரும் கேக்கறதில்ல."

"இருக்கா, இல்லியா?"

பின்னாலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். தூசு தட்டினார். அவளுடைய அசல் நிறத்தில் பத்துப் பதினைந்து டப்பாக்கள், பிரிக்காமல். காலாவதித் தேதியைப் பார்த்தேன், இன்னும் இருந்தது. விற்காத சரக்கு என்பதால் பாதி விலைக்குத் தந்தார். நம் ஊரில் அவரவர் நிறம்தான் இருப்பதிலேயே மலிவு. கவிதா, இதைப் புதியவர்களுக்குக் கட்டாயம் சொல்.

காதுக்குப் பின்னால் ஐந்து நாள் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கல்யாணத்தன்று காலை, முதலில் வெள்ளை க்ரீம், அது ஊறிய பிறகு மெல்லிசாகக் காலமைன் லோஷன், அதன் மேல் அந்தப் பவுடரைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி. தேய்க்கக்கூடாது. கண்ணுக்கு மை, உதட்டுக்குக் கொஞ்சம் சாயம். அவ்வளவுதான். சிவப்புத் திட்டுகள் முழுக்க மறையவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளைக்கும் கன்னத்தில் கொப்புளம், அவனும் நிறுத்தியிருந்தான். ஜோடிப் பொருத்தம் அப்படி. மணமகள் அறையில் ஒரு அம்மாள் என்னை அழகுநிலையத்துக்காரி என்று நினைத்து, "இவ்ளோ கம்மியாப் போட்டிருக்கீங்களே, முழு காசு தரலியா?" என்று இரகசியமாகக் கேட்டாள். தேன்மொழிக்கு அது கேட்டுவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அவங்க வேலை கத்துக்கறாங்கம்மா" என்றாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. ஆனால் மனமிரங்கிக் கிண்டல் செய்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவள் முகம் ஆற ஏழு மாதம் ஆனது. டாக்டர் நசீமா மாற்றலாகிப் போனார். நான் போன வருடம் ஓய்வுபெற்றேன். அன்றைக்குச் சால்வை போர்த்தி, கவிதா தன் போனில் படம் எடுத்துக் காட்டினாள். அதில் எனக்கு மங்கு இல்லை, தழும்பு இல்லை, இருபத்தைந்து வயது. ஏதோ ஃபில்டராம். "இத்தனை வருஷம் நான் எதைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்? முதல்ல அதை அழி" என்று சத்தம் போட்டேன். கவிதா பயந்துபோய் அழிக்க விரலை வைத்தாள்.

"இரு இரு" என்றேன். "எனக்கு ஒண்ணு அனுப்பிட்டு அழி."